வரப்புக்கு அந்தப் பக்கம் உமரி தழைக்கிறது, இந்தப் பக்கம் நாற்று கருகுகிறது: ஏன்?

கேட்டவருக்கு வேதாரண்யம் வட்டத்தில், உப்பாற்றை ஒட்டிய கடைமடையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. கோடையில் மண் வெள்ளையாகப் பூத்துப்போகிறது. மழை தாமதமான ஆண்டுகளில் சம்பா நாற்று நட்ட சில வாரங்களிலேயே இலை நுனி கருகிச் சாகிறது. வரப்பைத் தாண்டினால் அதே மண்ணில் உமரி தரையோடு தரையாகப் பச்சை பிடித்து நிற்கிறது. வாய்க்கால் கரையில், கழிமுகச் சேற்றில் வளரும் மரமான அலையாத்தியின் கன்றுகளும் முளைத்திருக்கின்றன. அவர் கேட்பது இரண்டு. அந்தச் செடிகள் உப்பை எப்படித் தாங்குகின்றன? அலையாத்தியை வயலோரம் நட்டு வளர்த்தால் மண்ணிலுள்ள உப்பை அது உறிஞ்சி எடுத்துவிடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் சுருக்கமான பதில். அலையாத்தி எடுக்காது. உமரி கொஞ்சம் எடுக்கும். உங்கள் வயலின் உப்பை எடுக்கக்கூடியவை ஐப்பசி மழையும் தூர்ந்துபோகாத வடிகாலும்தான். இதை உறுதியாகச் சொல்வதற்கான காரணம் முதல் கேள்வியின் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன்.

உப்பு செடியை இரண்டு வழியில் தாக்குகிறது. முதல் வழி தாகம். மண்ணீரில் கரைந்த உப்பு அந்த நீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வேர் அதைவிடப் பலமாக இழுத்தால்தான் நீர் உள்ளே வரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதிலிருந்து நல்ல நீரைப் பிரித்து எடுக்க ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். லாரி டயரில் அடைக்கிற காற்றின் அழுத்தத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதே நாற்று வாடுவது இதனால்தான். தண்ணீர் இருக்கிறது, ஆனால் வேருக்கு எட்டவில்லை.

இரண்டாவது வழி நஞ்சு. வேரின் காவலைத் தாண்டி உள்ளே புகுந்த சோடியம் நீரோட்டத்தோடு இலைக்குப் போய்ச் சேருகிறது. இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. நீரோட்டம் முடிகிற இடம் இலை நுனி என்பதால் உப்பு அங்கேதான் முதலில் குவிகிறது. நீங்கள் பார்க்கிற நுனிக் கருகல் அதன் அடையாளம். செல்லுக்குள் நடக்கும் வேலைகளில் பலவற்றுக்குப் பொட்டாசியம் தேவை. சோடியம் உருவத்தில் அதற்கு நெருங்கிய உறவு என்பதால் அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வேலையைச் செய்வதில்லை.

நெல் இதில் மிகவும் மென்மையான பயிர். மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். நீரில் குழைத்த மண்ணிலிருந்து வடித்தெடுத்த சாற்றில் அந்த அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் என்பதைத் தாண்டினால் நெல் மகசூல் குறையத் தொடங்கும், அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு சரியும் என்பது உலகம் முழுக்கப் பயன்படுகிற கணக்கு. கடல்நீரின் அளவு 50-ஐ ஒட்டியது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் இன்னும் பலவீனம். ஒரு சிறு எச்சரிக்கை: மண் பரிசோதனை அட்டையில் வருகிற எண் பெரும்பாலும் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளந்தது. நீர் கூடினால் எண் குறைந்து தெரியும். அந்த எண்ணை மேலே சொன்ன 3-உடன் நேராக ஒப்பிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள்.

இனி உமரிக்கு வருவோம். உமரியின் உடம்பே உப்புக்குப் பழகிப்போன உடம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 1970-களில் உவர்ச் செடிகளின், அதாவது உப்பு மண்ணில் வாழும் செடிகளின், செல்லிலிருந்து நொதிகளைப் பிரித்தெடுத்து, உப்புக் கரைசலில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். சாதாரணப் பயிர்களின் நொதிகள் எந்த அளவு உப்பில் செயலிழந்தனவோ, உவர்ச் செடிகளின் நொதிகளும் ஏறக்குறைய அதே அளவில் செயலிழந்தன. உமரியின் உயிர்ச்சாறும் நெல்லின் உயிர்ச்சாறும் உப்பின் முன்னால் ஒரே அளவு மென்மையானவை. வித்தியாசம் எல்லாம் உப்பை எங்கே வைப்பது, எங்கே விடக் கூடாது என்பதில்தான். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது. உவர்ச் செடிகள் செய்வது அத்தனையும் இதிலிருந்துதான் புறப்படுகிறது.

ஓர் உமரிக் கொழுந்தை ஒடித்துப் பாருங்கள். பருமனாக, நீர் நிறைந்து இருக்கும். நசுக்கினால் சாறு வழியும். நாக்கில் வைத்தால் கரிக்கும். உமரி உப்பை வாசலில் தடுப்பதில்லை, தாராளமாக உள்ளே விடுகிறது. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் வாக்குவோல் என்கிற பெரிய நீர்ப்பை இருக்கிறது. செல்லின் கொள்ளளவில் பெரும்பங்கு அதுதான். உயிர் வேலைகள் நடக்கிற சாறு அதைச் சுற்றி மெல்லிய படலமாக மட்டும் ஓடுகிறது. உள்ளே வந்த சோடியத்தை உமரி இந்தப் பைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. பையின் சவ்வில் இதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. அவை ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு, பதிலுக்கு ஒரு சோடியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஹைட்ரஜனை மறுபடி பைக்குள் ஏற்ற ஆற்றல் செலவாகிறது. சோடியம் சும்மா இருக்காமல் மெல்லக் கசிந்து வெளியே வரப் பார்க்கும் என்பதால் இந்த இறைப்பு இரவும் பகலும் ஓய்வதில்லை.

பைக்குள் உப்பு நிறைந்துவிட்டால் அது சுற்றியுள்ள உயிர்ச்சாற்றிலிருந்தே நீரை உறிஞ்சிவிடுமே? அதற்கும் உமரியிடம் வழி உண்டு. உயிர்ச்சாற்றுக்குள் கிளைசின் பீட்டைன் என்கிற பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. உப்பைப்போலவே நீரைப் பிடித்து வைக்கும், ஆனால் நொதிகளைத் தொந்தரவு செய்யாது. இரண்டு பக்கமும் இழுவை சமமாகிவிடும். பீட்டைன் செய்ய நைட்ரஜன் வேண்டும் என்பதால் அது விலை கூடிய சரக்கு. அதனால்தான் சிறிய இடமான உயிர்ச்சாற்றுக்கு மட்டும் அதை ஒதுக்கி, பெரிய இடமான பையை இலவசமாகக் கிடைக்கும் உப்பால் நிரப்புகிறது. மண்ணீரோடு போட்டி போடத் தேவையான இழுவை உமரிக்கு அந்த உப்பிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அதே இழுவையைச் சர்க்கரை செய்து பெற வேண்டியிருந்தால் வளர்ச்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. உமரி வகைகளை உப்பில்லாத மண்ணில் வளர்த்தால் மெலிந்துபோகின்றன. கடல்நீரில் பாதி அளவு உப்புள்ள நீரில்தான் நன்றாகக் கொழுக்கின்றன.

கோடையில் உமரி சிவந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். மண்ணில் உப்பும் வெயிலும் ஏறும்போது பீட்டாலைன் என்கிற நிறமி இலையிலும் தண்டிலும் கூடுகிறது. பீட்ரூட்டுக்கு நிறம் கொடுப்பதும் அதே குடும்பத்து நிறமிதான். உமரியைக் கீரையாகச் சமைக்கிறவர்கள் முதலில் வேகவைத்து நீரை வடித்துவிடுவது அந்தப் பைகளில் இருக்கிற உப்பைக் குறைக்கத்தான்.

உப்பு மண்ணில் படரும் வங்கிரவாசிச் செடியும் இதே வழிதான். சாறு நிறைந்த இலை, உள்ளே விட்டுப் பூட்டுகிற முறை. அலையாத்தி போகிற பாதை முற்றிலும் வேறு.

அலையாத்தி மரம், அதாவது வெண்கண்டல், உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திவிடுகிறது. வேரின் உள்சுற்றில் காஸ்பேரியன் பட்டை என்று ஒரு தடுப்பு உண்டு. சூபரின் என்கிற மெழுகுப் பொருள் அதில் கெட்டியாகப் படிந்திருக்கும். நீர் செல்களின் இடைவெளி வழியாக நழுவிப் போக முடியாது, செல் சவ்வுகளின் வழியாகத்தான் போயாக வேண்டும். சவ்வு நீரை விடும், சோடியத்தை எளிதில் விடாது. இந்த வகையில் மண்ணீரிலுள்ள உப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அலையாத்தி வெளியிலேயே தள்ளிவிடுகிறது. பிச்சாவரத்தில் படகில் போனால் இருபக்கமும் வளைந்த தாங்குவேர்களோடு நிற்கிற சுரபுன்னை இன்னும் கறார். நூற்றில் ஒரு பங்குபோலத்தான் உள்ளே விடும்.

இப்படி வடிகட்டுவதற்கு விசை எங்கிருந்து வருகிறது? மோட்டார் கிடையாது. இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது, தண்டுக்குள் இருக்கிற நீர்த்தாரை மேலே இழுபடுகிறது. அந்த இழுப்பு வேர்வரை போய், உப்பு நீரிலிருந்து நல்ல நீரைப் பிடுங்குகிறது. 1965-இல் ஷோலாண்டர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவும் வெட்டிய கிளையை அழுத்தக் கலனில் வைத்து இந்த இழுவையை அளந்தார்கள். அலையாத்தி, சுரபுன்னை போன்ற கழிமுக மரங்களான கண்டல் மரங்களில் அது 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. கடல்நீரின் 25-ஐ வெல்ல இது போதும். ஆனால் இவ்வளவு இழுவையில் நீர்த்தாரை அறுந்து, குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகும் அபாயம் உண்டு. அதனால் கண்டல் மரங்களின் நீர்க்குழாய்கள் குறுகலானவை. குறுகலான குழாயில் நீர் மெதுவாகத்தான் ஏறும். மரமும் மெதுவாகத்தான் வளரும். கழியில் மூழ்கி நிற்கிற அலையாத்தி தண்ணீர் விஷயத்தில் பாலைவன மரம்போலச் சிக்கனமாக இருப்பதன் காரணம் இது.

பத்தில் ஒன்பது பங்கை நிறுத்தினாலும் மீதி உள்ளே வந்துவிடுகிறதே. கடல்நீரிலிருந்து ஒரு லிட்டர் நீரை இழுத்தால், பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும், மூன்றரை கிராம் உப்பு இலைக்கு வந்து சேரும். அது தினமும் சேர்ந்தால் இலை எத்தனை நாள் தாங்கும்? அதற்குத்தான் அலையாத்தியின் உப்புச் சுரப்பிகள். முத்துப்பேட்டையில் படகுத்துறையிலிருந்து காட்டுக்குள் போகிற வழியில், முற்பகல் வெயில் ஏறியபின், கைக்கெட்டுகிற ஓர் இலையைத் திருப்பாமல் அப்படியே பாருங்கள். மேற்பரப்பில் சர்க்கரை தூவியதுபோலப் பொடிப்பொடியாக மின்னும். விரலால் தடவி நாக்கில் வைத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதிகாலையில் போனால் அந்தப் பொடி தெரியாது. இலை முழுக்க ஈரமாக, சொட்டுச் சொட்டாக இருக்கும், அந்தச் சொட்டும் கரிக்கும். இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்த நரை முடி அடர்ந்திருக்கும். அதற்குள்ளும் சுரப்பிகள் உண்டு.

ஒரு சுரப்பி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அடியில் இரண்டு முதல் நான்கு செல்கள் இலைக்குள்ளிருந்து உப்பைத் திரட்டும். அதன்மேல் ஒரே ஒரு காம்புச் செல். அதற்கும் மேலே எட்டு முதல் பன்னிரண்டு செல்கள் குடைபோல விரிந்து உப்பை வெளியே தள்ளும். காம்புச் செல்லின் பக்கச் சுவர் நீர் புகாத மெழுகால் அடைக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை மேலே போன உப்பு சுவர் வழியாக இலைக்குள் திரும்பிவர முடியாது. சுரக்கிற நீரின் உப்பு கடல்நீரின் உப்பையே மிஞ்சிவிடுவதுண்டு. குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு உப்பைத் தள்ளுவது சும்மா நடக்காது, அதற்கும் ஆற்றல் வேண்டும்.

இலைமேல் படிந்த அந்த உப்புக்கு இன்னொரு பயனும் இருப்பது சில ஆண்டுகளுக்கு முன்தான் தெரியவந்தது. ஆஸ்திரேலியாவின் வறண்ட மேற்குக் கரையில் இதே அலையாத்தி இனத்தில் பார்த்தார்கள். இரவில் காற்றின் ஈரம் கூடும்போது இலைமேலுள்ள உப்பு அந்த ஈரத்தை இழுத்து நீராகக் கசிகிறது. இலை அந்த நீரைக் குடிக்கிறது, தண்டுக்குள் நீரோட்டம் சிறிது நேரம் தலைகீழாக, இலையிலிருந்து கீழ்நோக்கி ஓடுகிறது. ஆய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. வேண்டாமென்று வெளியே தள்ளிய உப்பை வைத்தே காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கிற மரம்! நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. முத்துப்பேட்டை மரங்களிலும் யாராவது இதை அளந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சுரபுன்னைக்கு உப்புச் சுரப்பி கிடையாது. சிதம்பரத்தின் தலமரமான தில்லைக்கும் கிடையாது. தில்லை பெரும்பாலும் காட்டின் கரைப்பக்கம், உப்பு கொஞ்சம் குறைந்த இடத்தில் நிற்கும். இந்த மரங்கள் எல்லாம் உப்பைப் பழுத்த இலையில் தள்ளி உதிர்த்துவிடுகின்றன என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அளவுகள் அதை வலுவாகத் தாங்கவில்லை. உதிரும் முன் இலைக்குள் உப்பு விசேஷமாகக் குவிக்கப்படுகிறது என்பதற்குச் சான்று குறைவு. நான் அதை ஒரு காரணமாகச் சொல்வதில்லை.

மேலே ஆற்றல், ஆற்றல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேர் ஆற்றலை எடுக்க மூச்சு விட வேண்டும். கழிச் சேற்றில் விரற்கடை ஆழத்துக்குக் கீழே காற்றே இல்லை. தோண்டினால் கறுத்துப்போய் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அந்தச் சேற்றில் வேருக்கு மூச்சுமுட்டினால் உப்பைத் தடுக்கிற காவலும் தளர்ந்துவிடும். அலையாத்தியைச் சுற்றித் தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே குத்திட்டு நிற்கும் சுவாச வேர்கள் இதற்காகத்தான். அவற்றின் தோலில் உள்ள துளைகள் வழியாகக் காற்று இறங்கி, கடற்பஞ்சுபோன்ற உட்திசு வழியே சேற்றுக்குள் இருக்கிற வேர்வரை போகிறது. நெல்லுக்கும் தண்டு வழியாக வேருக்குக் காற்று அனுப்பத் தெரியும். ஆனால் உப்பும் தேங்கலும் சேர்ந்து வரும்போது நெல்லின் அந்தச் சாமர்த்தியம் போதுவதில்லை. உங்கள் வயலில் உப்பு நீர் தேங்கி நின்ற மூலையில்தான் முதலில் கருகியிருக்கும் என்று நினைக்கிறேன். போய்ப் பாருங்கள்.

இவ்வளவு ஏற்பாடும் வளர்ந்த செடிக்குத்தான். உமரி விதை உப்பு நிறைந்த மண்ணில் விழுந்து கிடக்கும், முளைக்காது. மழை வந்து மேல்மண்ணின் உப்பைக் கழுவிவிட்ட பிறகுதான் முளைவிடும். அலையாத்தியின் காய் மரத்திலேயே உள்ளுக்குள் முளைத்து, தோல் உடைந்தால் வேர்விடத் தயாரான நிலையில் உதிர்கிறது. நம் பக்கம் அது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விழுகிறது. மேலிருந்து ஆற்றுநீர் வந்து கழியின் உப்பு இறங்கியிருக்கிற நேரம் அது. உப்பில் வாழ்கிற செடிகளுக்கும் பிள்ளைப் பருவத்தில் காவிரித் தண்ணீர் வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் நெல் விவசாயிக்கு மட்டும்தான் நட்டம் என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. பாமினியாறும் கோரையாறும் கிளைதாங்கியாறும் முத்துப்பேட்டைக் கழிக்குக் கொண்டுவரும் வெள்ளத்தைக் கடலில் வீணாகக் கலக்கும் நீர் என்கிறார்கள். அந்தக் காட்டின் அடுத்த தலைமுறை முளைப்பது அந்த நீரில்தான்.

இந்தச் செடிகள் எவ்வளவு தாங்கும், எதைத் தாங்காது என்பதற்கு முத்துப்பேட்டையைவிட நல்ல பாடம் கிடைக்காது. சுமார் 12,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பில் மரம் என்று நிற்பதில் பெரும்பகுதி அலையாத்தி ஒன்றே. பிச்சாவரத்தில் சுரபுன்னை, தில்லை, நரிக்கண்டல் என்று பல இனங்கள் கலந்து நிற்க, இங்கே ஏன் ஒரே மரம்? வங்கக் கடலின் இந்தப் பகுதியில் ஓதம், அதாவது நாள்தோறும் வருகிற கடல் ஏற்றம், ஏறி வற்றுகிற உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆற்றுநீர் வருவதும் ஆண்டில் சில மாதங்கள்தான். பங்குனி, சித்திரையில் கழியின் உட்பகுதிகளில் உப்பு கடல்நீரையும் தாண்டிவிடும். அந்த அளவைத் தாங்க நம் கண்டல்களில் அலையாத்தியைவிட்டால் ஆளில்லை.

அந்த அலையாத்தியும் சாகிற இடங்கள் அந்தக் காட்டுக்குள்ளேயே உண்டு. 1937-இல் இந்தக் காடு வனத்துறையின் கைக்கு வந்தது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காட்டைக் கூறுகூறாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டினார்கள். வெட்டின இடம் தானாகத் துளிர்க்கும் என்பது கணக்கு. ஆனால் மொட்டை வெயில் பட்டதும் சேறு காய்ந்து அமிழ்ந்து, தட்டுபோலக் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வந்த நீர் வற்றும்போது வெளியேற வழியில்லை. நின்று, ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போனது. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் கடல்நீரைப்போலப் பல மடங்கு உப்புள்ள பொட்டல். உமரி மட்டும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது, நடுவில் அதுவும் இல்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். பொட்டலின் நடுவே ஒரு தாய் வாய்க்கால், அதிலிருந்து இருபக்கமும் மீன்முள்போலச் சரிவாகக் கிளை வாய்க்கால்கள். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே போகும், வற்றும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும். அந்த வாய்க்கால் கரைகளில் அலையாத்தி நட்டார்கள், பிடித்துக்கொண்டது. மண்ணில் உரம் போடவில்லை, மருந்து போடவில்லை. நீரைப் போகவும் வரவும் விட்டார்கள், அவ்வளவுதான். அங்கே வாய்க்கால் வெட்டி மீன்பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு வாய்க்கால் கரையில் மரம் நன்றாக நிற்கும் என்பது புதிய செய்தியாக இருந்திருக்காது.

நல்ல காட்டில் இந்த அலசும் வேலையில் நண்டுகளுக்கும் பங்குண்டு. மரம் நீரை மட்டும் உறிஞ்சி உப்பை வெளியே நிறுத்துகிறது என்றால், அந்த உப்பு வேரைச் சுற்றியே கூடிக்கொண்டு போகும். நண்டு வளைகள் வழியாக ஓதநீர் சேற்றுக்குள் இறங்கி, அந்த உப்பைக் கழுவி வெளியே எடுத்து வருகிறது. வளைகள் அடைந்துபோன சேற்றில் மரம் தன்னைச் சுற்றித் தானே உப்பைப் பெருக்கிக்கொள்ளும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விளக்கம் இதுதான். அலையாத்தியை உங்கள் வயலோரம் நட்டால், அது நீரைக் குடித்துவிட்டு உப்பை உங்கள் மண்ணிலேயே விட்டுவைக்கும். இலைவழி வெளியே தள்ளுவதும் மழையில் கரைந்து அதே மண்ணில்தான் விழும். ஓதம் வந்துபோகாத இடத்தில் அந்த மரத்துக்கும் சுகமில்லை, உங்களுக்கும் பயனில்லை. வாய்க்காலின் கழிமுகக் கரையில் தானாக முளைத்திருக்கிற கன்றுகளை மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள். கரையைப் பிடித்து நிறுத்தும்.

உமரியின் கதை வேறு. அது உப்பை உடம்புக்குள் சேர்ப்பதால், அறுத்து வெளியே கொண்டுபோனால் உப்பும் போகும். அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். ஒரு ஹெக்டேரிலிருந்து நான்கு மாதத்தில் உமரி 504 கிலோ, வங்கிரவாசி 474 கிலோ உப்பை எடுத்தன. அரை டன் என்றால் பெரிதாகத்தான் தெரிகிறது. இப்போது இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் ஓரடி ஆழத்துக்கு மண்ணின் எடை சுமார் 4,000 டன். அதில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு உப்பு இருந்தால் மொத்தம் 12 டன். உமரி மட்டும் எடுப்பதென்றால் எத்தனை ஆண்டு ஆகும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம். இடையில் கோடையில் அடிமண்ணிலிருந்து உப்பு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். எதுவுமே விளையாத பொட்டலைப் பச்சையாக வைத்திருக்க, நிழல் கொடுத்து மேல்மண் காய்வதைக் குறைக்க, உமரி நல்ல துணை. வயலை மீட்க அது மட்டும் போதாது.

மழையின் கணக்கைப் பாருங்கள். ஓரடி மண்ணின் வழியாக ஓரடி நல்ல நீர் உள்ளிறங்கிக் கீழே போனால், கரையும் உப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அதோடு போய்விடும். நாகை மாவட்டத்தில் ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். 2004 சுனாமியில் உப்பேறிப்போன நாகை வயல்களில் பலவற்றை அலசிக் கொடுத்தது 2005-இன் பெருமழைதான். ஆகவே மழைக்கு முன்பே வரப்பை உயர்த்திக் கட்டுங்கள். முதல் மழையை ஓடவிடாமல் நிறுத்தி ஊறவிடுங்கள். ஊறியபின் வடிகாலைத் திறந்துவிடுங்கள். மறுபடி நிறுத்துங்கள். இது பலிக்க வடிகால் வாய்க்காலின் அடிமட்டம் உங்கள் வயலைவிடத் தாழ்வாக, தூர் எடுத்து, வாய்ப்பகுதி மணல் அடைக்காமல் இருக்க வேண்டும். ஒரே வயல்காரர் செய்து முடிகிற வேலை இல்லை. வாய்க்காலில் உங்களுக்குக் கீழே இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓதம் ஏறும்போது உப்பாற்று நீர் அதே வடிகால் வழியாகத் திரும்பி வராமல் தடுக்க ஓர் அடைப்பும் வேண்டும்.

கோடையில் நிலத்தைச் சும்மா போடாதீர்கள். வெற்று நிலத்தில் வெயில் அடிமண் நீரை மேலே இழுக்கும், உப்பு பூக்கும். தண்ணீர் கிடைக்குமானால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம். கிடைக்காவிட்டால் வைக்கோலையாவது பரப்பி வையுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை அளந்து பார்க்காமல் பாய்ச்சாதீர்கள். லிட்டருக்கு அரை கிராம் உப்புள்ள நீர் வாயில் பெரிதாகக் கரிக்காது, ஆனால் ஒரு பருவத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 5 டன் உப்பைக் கொண்டுவந்து இறக்கியிருக்கும். ஜிப்சம் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். உவர் நிலத்துக்கு அலசல் போதும். ஜிப்சம் களர் நிலத்துக்கானது. மண்ணின் காரநிலை (pH) 8.5-ஐத் தாண்டி, சோடியம் களியைப் பிடித்துக்கொண்டு, நீர் இறங்காமல் மேலே கலங்கலாக நிற்குமானால்தான் அதற்கு வேலை. எது உங்கள் நிலம் என்று பரிசோதனையில்தான் தெரியும்.

நெல்லில் இரகம் பார்த்துப் போடுவது ஓரளவு கை கொடுக்கும். திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியிலிருந்து களர், உவர் நிலங்களுக்கென்று வந்த டி.ஆர்.ஒய் இரகங்கள் இருக்கின்றன. பழைய இரகங்களில் குழியடிச்சானை உப்பு மண்ணுக்கு ஏற்றது என்று கடலோர விவசாயிகள் வைத்துக் காத்திருக்கிறார்கள். தாங்கும் நெல்லின் உத்தி உமரியின் உத்தி அல்ல என்பதை நினைவில் வையுங்கள். வங்கத்து நோனா போக்ரா இரகத்தில் கண்டுபிடித்த ஒரு மரபணு, மேலே போகிற நீரோட்டத்திலிருந்து சோடியத்தைப் பிடித்து வேர்ப்பக்கமே நிறுத்திக்கொள்கிறது, இலைக்கு அனுப்புவதில்லை. அதனால் தாங்கும் இரகமும் ஓரளவுக்குத்தான் தாங்கும், கடல்நீருக்கு நிற்காது. அலையாத்தியிலிருந்து மரபணு எடுத்து நெல்லில் சேர்க்கும் ஆய்வு சென்னையில், மேலே சொன்ன அதே நிறுவனத்தில் நடந்தது. ஒரு மரபணுவால் ஆகிற காரியமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வேரின் மெழுகுச் சுவர், குறுகிய குழாய், சுரப்பி, பீட்டைன், சுவாச வேர் எல்லாம் சேர்ந்து நிற்பதுதான் அலையாத்தி.

மண் மாதிரி எடுப்பதைச் சித்திரையிலும் ஒருமுறை, மழை ஓய்ந்த தை மாதத்திலும் ஒருமுறை செய்யுங்கள். மேல் அரை அடியைத் தனியாகவும், அதற்குக் கீழ் அரை அடியைத் தனியாகவும் எடுங்கள். கருகின மூலை, தழைத்த மூலை இரண்டிலும் எடுங்கள். தையில் மேல்மண்ணில் உப்பு இறங்கி அடிமண்ணில் ஏறியிருந்தால் அலசல் நடக்கிறது, ஆனால் வடிகால் போதவில்லை என்று பொருள். இரண்டிலும் இறங்கியிருந்தால் அடுத்த சம்பாவைத் தைரியமாக நடலாம். வரப்புக்கு அந்தப் பக்கத்து உமரியையும் கவனித்து வாருங்கள். அங்கே கோரையும் அறுகும் உள்ளே புகத் தொடங்கினால் உப்பு இறங்குகிறது என்று பரிசோதனை அட்டை வரும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.